சைக்கிள் இலக்கும் சாட்சியும்: ஒரு சிறு வரலாறு

புதிதாக சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கும் கல்லூரி நண்பர்கள் பெரும்பாலும் இரண்டே இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். "மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர்னு டார்கெட் வைக்கலாம்?" என்பது முதல் கேள்வி. "அதைக் கணக்கு வைக்க, விலை கம்மியா எந்த செல்போன் வாங்கலாம்?" என்பது இரண்டாவது. இரண்டும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். போன் இல்லாமல் ஓட்டினால் அந்தக் கிலோமீட்டர் செல்லாது என்பது போல!

இது ஏதோ ஸ்மார்ட்போன் காலத்துக் கேள்வி என்று நினைத்தால் தவறு. நான் இவ்வளவு தூரம் ஓட்டினேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு யார் சாட்சி? அந்தத் தூரத்தை முடிவு செய்தது யார்? ஏறக்குறைய 130 வருஷமாக சைக்கிள்காரர்கள் இதே கேள்விகளோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் போன் வாங்கும் விஷயமும் தானாகத் தெளிவாகிவிடும். நான் வணிகவியல் படிப்பவன். அதனால் இலக்கு என்றால் எனக்கு பட்ஜெட், சாட்சி என்றால் வவுச்சர். கட்டுரையில் அந்த வாடை கொஞ்சம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரே சாட்சி

முதலில் நம்ம ஊர்க் கதை. நம் அப்பா, சித்தப்பா தலைமுறையிடம் "சைக்கிள் விடுறவர்" என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் ஒரு காலத்தில் அது பெரிய திருவிழா. ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் கம்பம் நட்டு, குழாய் ஒலிபெருக்கி வைத்துவிடுவார்கள். ஒருவர் சைக்கிளில் ஏறினால் மூன்று நாள், ஐந்து நாள், ஒரு வாரம் என்று சொன்ன கெடு முடியும்வரை தரையில் கால் வைக்க மாட்டார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது, தலை வாருவது எல்லாமே ஓடும் சைக்கிளில்தான். ராத்திரியில் பாட்டும் ஆட்டமும் நடக்கும், கூட்டம் சேரும். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, நாள் கணக்குதான். இலக்கை வைத்தவர் அவரே, முதல் நாளே மைக்கில் சொல்லிவிடுவார். சாட்சி ஊர் ஜனம். நடு ராத்திரியில் இறங்கித் தூங்குகிறாரா என்று பார்ப்பதற்கென்றே ஊரில் நாலு பேர் விழித்திருப்பார்கள். தணிக்கை என்றால் இதைவிடக் கறாரான தணிக்கை கிடையாது!

1891: பாரிஸிலிருந்து பிரெஸ்ட், மறுபடி பாரிஸ்

நம் ஊர்ப் பொட்டலில் நடந்ததன் பெரிய அண்ணன் ஒன்று பிரான்சில் நடந்தது. 1891 செப்டம்பரில் 'லெ பெத்தி ஜுர்னால்' என்ற பாரிஸ் நாளிதழைச் சேர்ந்த பியேர் ஜிஃபார் ஒரு பந்தயத்தை நடத்தினார். பாரிஸில் கிளம்பி, மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு, திரும்பப் பாரிஸுக்கே வர வேண்டும். மொத்தம் சுமார் 1200 கி.மீ. பத்திரிகை விற்பனையைக் கூட்டத்தான் இந்த ஏற்பாடு என்பது வேறு விஷயம். 200க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள், ஏறக்குறைய பாதிப் பேர்தான் திரும்பி வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்த ஷார்ல் தெரோன் எடுத்துக்கொண்ட நேரம் 71 மணி 22 நிமிஷம். இடையில் தூக்கம் கிடையாது. கிட்டத்தட்ட நம் 'மூன்று நாள் சைக்கிள்' கணக்குதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பொட்டலில் சுற்றுகிறவரை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1200 கி.மீ. ரோட்டில் போகிறவரை யார் பார்ப்பது? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுத்துவிட்டார்கள். வழியில் குறிப்பிட்ட ஊர்களில் அதில் முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். புத்தகம் நிறைந்தால் பயணம் உண்மை.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1901ல் இதே பந்தயத்தை வென்ற மொரீஸ் காரின், 1903ல் நடந்த முதல் 'தூர் த பிரான்ஸ்' போட்டியையும் வென்றார். 1904ல் மறுபடியும் அவரே முதலிடம். ஆனால் விசாரணைக்குப் பிறகு அந்த வருஷம் முதல் நான்கு இடங்களில் வந்தவர்களையும் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். வீரர்கள் சிலர் வழியில் ரயில் ஏறிப் போனார்கள் என்பதுவரை குற்றச்சாட்டு எழுந்தது! பரிசுப் பணமும் புகழும் பெரிதானால் பொய்க்கணக்கும் பெரிதாகும். கம்பெனிக் கணக்குக்கும் சைக்கிள் கணக்குக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

ப்ரெவே: நமக்குப் பழகிய சொல்

பந்தயத்தில் ஓடாத சாதாரண ஆளுக்கு இலக்கு எப்படி வந்தது? 1897ல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரே பகல் பொழுதில், 200 கி.மீ.க்கும் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு 'அவுடாக்ஸ்' என்று பெயர். துணிச்சல்காரர் என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. இந்த யோசனையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் 'தூர் த பிரான்ஸ்' போட்டியைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச். 1904ல் பாரிஸில் அவுடாக்ஸ் சங்கம் தொடங்கியது. ஆனால் அவர் விதிப்படி எல்லோரும் கூட்டமாக, ஒரே வேகத்தில், ஒரு தலைவர் பின்னால்தான் போக வேண்டும்.

1921ல் அந்தச் சங்கம் தெக்ராஞ்சோடு பிரிந்து தனி வழி கண்டது. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம். தூரமும் கெடுவும் மட்டும் பொது. முடித்தவருக்கு ஒரு சான்று. அந்தச் சான்றின் பெயர் 'ப்ரெவே'.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. 1826ல் தொடங்கி இன்றும் கடற்கரை ஓரம் நடக்கும் லிசே பிரான்சேயில் படிக்கும் பிள்ளைகள் எழுதும் பரீட்சைக்கும் அதுதான் பெயர். ஆக ப்ரெவே என்றால் பந்தயம் கிடையாது, பரீட்சை. முதல் ரேங்க் கிடையாது, பாஸ் உண்டு. முடிவுப் பட்டியலில் பெயர்கள் இருக்கும், முதலிடம் இரண்டாமிடம் என்ற பேச்சே இருக்காது.

விதிகளைப் பாருங்கள். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி. சராசரி போட்டுப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. டீ குடிக்க நிற்பது, பஞ்சர் ஒட்டுவது, மர நிழலில் படுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், ரொம்ப வேகமாகப் போனாலும் செல்லாது. சோதனைச் சாவடி திறக்கும் முன்பே வந்துவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்! ஒரே வருஷத்தில் இந்த நான்கையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராந்தொனேர்' என்று பட்டம். இந்தியாவிலும் இப்போது அவுடாக்ஸ் இந்தியா ராந்தொனேர் என்ற அமைப்பின் கீழ் ப்ரெவேக்கள் நடக்கின்றன. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸும் சாகவில்லை. பந்தயமாக இருந்தது நின்றுபோய், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை 90 மணி நேரக் கெடுவுள்ள பயணமாக நடக்கிறது. கடைசியாக 2023ல் நடந்தது.

ஒரு சாதாரண ஆள் தன்னோடு மட்டும் போட்டி போடலாம் என்பதை முறையாக எழுதி வைத்தது இந்த ப்ரெவேதான். சொந்த இலக்கு என்ற சங்கதியின் பிறந்த வீடு என்று இதைச் சொல்லலாம். சாட்சிக்கு ஆன செலவு? ஒரு மடிப்பு அட்டை, ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

ஒரு டைப்பிஸ்ட்டின் கணக்குப் புத்தகம்

அட்டை ஊர்களைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. தூரத்தைச் சொல்ல ஒரு கருவி வேண்டும். 1895ல் அமெரிக்காவைச் சேர்ந்த கர்ட்டிஸ் வீடர் அதைச் செய்து விற்றார். முன் சக்கரத்துக் கம்பியில் ஒரு சிறு முள். சக்கரம் ஒருமுறை சுற்றினால் அந்த முள் ஒரு நட்சத்திரப் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளும். உள்ளே எண்கள் நகரும். பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம். சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். இதற்கு சைக்ளோமீட்டர் என்று பெயர்.

இந்தச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று காட்டியவர் பில்லி டவி என்ற ஆங்கிலப் பெண். பிறகு பில்லி ஃபிளெமிங் என்ற பெயரில் அறியப்பட்டவர். அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. 1938 ஜனவரி 1ஆம் தேதி அவர் சைக்கிளில் கிளம்பியபோது வயது 23. நம்மில் பலருக்கு இருக்கும் வயதுதான். அவர் வைத்த இலக்கு, இந்த வருஷம் ஒரு நாள் விடாமல் சைக்கிள் ஓட்டுவது. மழை, பனி, காய்ச்சல் எதுவும் கணக்கில் இல்லை. வருஷக் கடைசியில் மொத்தம் 29,603.7 மைல், அதாவது 47,600 கி.மீ.க்கும் மேல். ஒரு நாளைக்குச் சராசரி 81 மைல்.

சைக்ளோமீட்டர் தூரத்தைச் சொன்னது. ஆனால் சக்கரத்தைக் கையால் சுற்றியும் எண்ணை ஏற்றலாமே? அதனால் தினமும் ஒரு அட்டை. வழியில் யாராவது ஒருவரிடம் கையெழுத்து வாங்கி 'சைக்கிளிங்' பத்திரிகைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். போலீஸ்காரர், கடைக்காரர், யாரோ ஒரு வழிப்போக்கர் என முகம் தெரியாத சாட்சிகள். அந்தச் சாதனை 2016 வரை, 78 வருஷம் நிலைத்தது. அவர் 2014ல் நூறு வயதில்தான் காலமானார்.

அடுத்த வருஷமே, 1939ல், டாமி காட்வின் என்பவர் ஒரே வருஷத்தில் 75,065 மைல் ஓட்டினார். தினம் 200 மைலுக்கு மேல்! அவர் கணக்கும் அட்டையும் கையெழுத்துமாக வைத்த கணக்குதான். அதை முறியடிக்க ஜி.பி.எஸ். காலம்வரை, 2016 ஜனவரிவரை ஆனது. கருவி பெரிதானதால் கால் பெரிதாகிவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

புதுக்கோட்டை: கிலோமீட்டரே இல்லாத இலக்கு

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் தூரத்தையோ நேரத்தையோ அளந்தவர்கள். ஆனால் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய சைக்கிள் சாதனைக்கு இரண்டுமே அளவுகோல் இல்லை. பாரிஸிலிருந்து நேராகப் புதுக்கோட்டைக்கு வாருங்கள்.

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, முக்கியமாகக் கிராமத்துப் பெண்களுக்கு, எழுத்தறிவிப்பதுதான் வேலை. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். சொல்லிக்கொடுக்க வரும் பெண்ணும் படிக்க வரும் பெண்ணும் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். பஸ்ஸோ எப்போதாவது ஒன்று. அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் கூட வந்தால்தான் வெளியே போகலாம் என்றால் படிப்பு எப்படி நடக்கும்?

ஒன்றரை வருஷ காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாடே வந்தது. பரவாயில்லை என்று ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி!

வழியில் கேலி இல்லாமல் இல்லை. அசிங்கமான பேச்சும் இருந்தது. அதையும் தாண்டித்தான் ஓட்டினார்கள். அந்தப் பெண்களின் இலக்கு என்ன? தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமக்காமல் கொண்டுவருவது, விளைந்ததைச் சந்தைக்குத் தானே எடுத்துப்போவது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போவது, யாரையும் துணைக்குக் கேட்காமல் அடுத்த ஊர் போய்த் திரும்புவது. இதில் எதையும் கிலோமீட்டரில் எழுத முடியாது. சாட்சி அட்டையும் தேவைப்படவில்லை. வீட்டில் மிச்சமான நேரமே சாட்சி.

இதற்குப் பத்து வருஷம் கழித்து, 2001-02ல், தமிழக அரசு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தர ஆரம்பித்தது. 2005-06ல் அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. எத்தனையோ பெண்களின் மேல்நிலைப் படிப்பு அந்த சைக்கிளில்தான் ஓடியது.

என்னைக் கேட்டால், சைக்கிள் இலக்கு வைக்க உட்காரும்போது தெரோனையும் காட்வினையும் நினைப்பதற்கு முன்னால் புதுக்கோட்டையை நினைக்க வேண்டும். சைக்கிள் எனக்கு எதைத் திறந்துவிடப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை கி.மீ. என்பது அதற்குப் பிறகு வரட்டும்.

வானத்தில் ஒரு சாட்சி

இனி போன் கதை. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 100 மீட்டர் அளவுக்குத் தப்பாகக் காட்டும். புதுச்சேரியில் 100 மீட்டர் என்றால் ஒரு தெரு தள்ளிப் போய்விடும்! 2000 மே மாதம் அதிபர் கிளிண்டன் அந்தக் கலப்பை நிறுத்தச் சொன்னார். பிழை சட்டென்று 20 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. இன்றைய சைக்கிள் செயலிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் கால்கோள்.

ஆனால் அப்போது மாணவர் கையில் இருந்த போன் வேறு. 2003ல் வந்த நோக்கியா 1100. உலகம் முழுக்க 25 கோடி விற்ற போன். அதில் ஜி.பி.எஸ். கிடையாது, கேமராவும் கிடையாது. இருந்தும் அது ஒரு நல்ல சைக்கிள் போன் என்பேன். நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும், தூசு புகாத கீபேட், இருட்டில் செயின் கழன்றால் மாட்டுவதற்கு டார்ச். பயணத்துக்கு ஒரு போனிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம்.

2007ல் நோக்கியா என்95 மாதிரி போன்களில் ஜி.பி.எஸ். உள்ளேயே வந்தது. ஓடிய பாதையைப் பதியும் ஸ்போர்ட்ஸ் டிராக்கர் என்ற மென்பொருளும் வந்தது. விலைதான் மாணவனுக்கு எட்டாத உயரம். 2009ல் அமெரிக்காவில் ஸ்ட்ராவா தொடங்கியது. 2016ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது நம் ஊரிலும் எல்லோர் பாக்கெட்டிலும் வரைபடம் வந்துவிட்டது. அதே வருஷம், பெண்கள் பாதுகாப்பை முன்னிட்டு எல்லா போன்களிலும் அவசர பட்டனும் பிறகு ஜி.பி.எஸ்.ஸும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது.

வானத்துச் சாட்சி வந்ததும் ஒரு புதுப் பிரச்சினையும் வந்தது. ஸ்ட்ராவாவில் ரோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முதலிடம் உண்டு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் இடத்தைப் பிடிக்கலாம். ப்ரெவேக்காரர்கள் ஒழித்துக்கட்டிய ரேங்க் லிஸ்ட் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 2010ல் கலிபோர்னியாவில் ஒருவர், பறிபோன தன் முதலிடத்தை மீட்க ஒரு மலை இறக்கத்தில் வேகமாக வந்து விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தினர் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013ல் வழக்கு தள்ளுபடியானது. சட்டம் என்ன சொன்னால் என்ன, அந்த இறக்கத்தில் அவருடைய இலக்கை வைத்தது அவர் இல்லை, ஒரு பட்டியல். சாட்சியாக வந்த கருவி எஜமானாக மாறினால் இதுதான் நடக்கும்.

சரி, எந்த போன்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. மாடல்கள் ஆறு மாதத்தில் மாறிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

முதலாவது பேட்டரி. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே 5000 எம்.ஏ.எச். பேட்டரி போன்கள் கிடைக்கின்றன. வழி பதியும்போது சார்ஜைக் குடிப்பதில் முதல் ஆள் திரைதான். பதிவை ஆரம்பித்துவிட்டுத் திரையை அணைத்துப் பையில் போட்டுவிட்டால் அரை நாள் பயணத்துக்குத் தாராளம்.

இரண்டாவது, ஜி.பி.எஸ். பற்றிய ஒரு பயம். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போன் சாட்டிலைட்டிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கத்தான் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சமிக்ஞை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறது. சிம் இல்லாத பழைய போன்கூடத் தூரத்தைப் பதியும். நெட் இருந்தால் முதல் முறை இடம் பிடிப்பது சீக்கிரம் நடக்கும், அவ்வளவே. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, துல்லியம். 2018 முதல் இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ். உள்ள போன்கள் வருகின்றன. உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது உதவும். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற திறந்த வெளியில் சாதாரண ஜி.பி.எஸ். போதும். நம் நாட்டு நாவிக் சாட்டிலைட்டுகள் 2013லிருந்து ஏவப்பட்டு, 2020லிருந்து சில போன்களிலும் அந்த வசதி வந்தது. இருந்தால் நல்லது, அதற்காகக் கூடப் பணம் தர வேண்டாம். எப்படியும் இரண்டு போன்கள் ஒரே பயணத்துக்கு இரண்டு கணக்கு சொல்லும். டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட புள்ளி அங்குமிங்கும் அலையும். கடைசி ஒரு கி.மீ.க்காகச் சண்டை போடாதீர்கள்.

நான்காவது, ஒரு செட்டிங். விலை குறைந்த போன்கள் பல, பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் செயலியைத் தானே மூடிவிடும். பாதி வழியில் பதிவு நின்றிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஐந்தாவது, கேமரா. ஹேண்டில்பாரில் மாட்டப் போகிறீர்கள் என்றால் விலை உயர்ந்த கேமரா உள்ள போன் நல்லதல்ல. மோட்டார் சைக்கிள் அதிர்வால் ஆடாமல் படமெடுக்கும் லென்ஸ் அமைப்பு கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. சைக்கிளில் அதிர்வு குறைவுதான். என்றாலும் அந்த நுட்பம் இல்லாத மலிவு போனுக்கு அந்தக் கவலையே கிடையாது!

இன்னொன்று. செயலியில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைத்து வையுங்கள். 2018ல் ஸ்ட்ராவா வரைபடத்தை வைத்து ராணுவ முகாம்கள் இருக்கும் இடத்தையே கண்டுபிடித்தார்கள். நம் வீட்டு வாசல் எம்மாத்திரம்?

ஆக ஏற்கெனவே கையில் இருக்கும் போன் இதையெல்லாம் செய்தால் புதிது வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயர், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஹெல்மெட், பஞ்சர் கிட் வாங்குங்கள். 130 வருஷ வரலாற்றில் சாட்சிக்கு யாரும் பெரிய செலவு செய்ததில்லை. அட்டை, முத்திரை, முள் வைத்த டப்பா, அவ்வளவுதான். வவுச்சர் புத்தகத்துக்கு முதலீடு முழுவதையும் கொட்டிவிட்டால் வியாபாரத்தை எதை வைத்து நடத்துவது?

எந்த இலக்கு?

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இயற்கையே படிக்கட்டு கட்டிக் கொடுத்திருக்கிறது. முதல் படி, கல்லூரிக்கோ டியூஷனுக்கோ ஒரு மாதம் சைக்கிளிலேயே போய்வருவது. மிச்சமாகும் பெட்ரோல் காசை எழுதி வையுங்கள், அதுதான் உங்கள் புதுக்கோட்டைக் கணக்கு. அடுத்தது ஊசுட்டேரி, அரிக்கமேடு. அதற்கடுத்து கடலூர், சுமார் 22 கி.மீ. பிறகு மரக்காணம், சுமார் 35. போய்த் திரும்பினால் எழுபது ஆகிவிடும். செஞ்சிக் கோட்டை சுமார் 70, போகவர 140. மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கி.மீ., அதாவது ஒரு ப்ரெவே தூரம். வழி சமதளம்தான். ஆனால் மதியத்துக்கு மேல் கடல் காற்று வீச ஆரம்பித்தால் சமதளமே மலையாகிவிடும். விடியும் முன் கிளம்பிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இலக்கைத் தள்ளிப்போடுவதில் அவமானம் இல்லை.

காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வித்தியாசம் வந்தால் திட்ட வேண்டாம், காரணம் தேடு என்பார்கள். சைக்கிளுக்கும் அதேதான். மாதம் 300 கி.மீ. என்று எழுதி 180 ஓட்டினால், மீதி 120 எங்கே போயிற்று என்று பாருங்கள். பரீட்சையா, மழையா, சோம்பலா, அல்லது அந்த 300 வேறு யாருடைய எண்ணோ? கடைசிதான் காரணம் என்றால் எண்ணை மாற்றிவிடுங்கள்.

பொட்டலில் சுற்றியவருக்கு ஊர் சாட்சி. தெரோனுக்கு ஒரு புத்தகம். பில்லிக்குத் தபால் அட்டை. நமக்கு ஒரு மலிவு போன். சாட்சிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, இனியும் மாறும். இலக்கை மட்டும் ஓட்டுகிறவர்தான் வைக்க வேண்டும்.

நீங்கள் வைத்திருக்கும் இலக்கு என்ன?